அயல் பாதி

"ஆடாம இரு நிறைமதி. அப்புறம் சதையோட வெட்டிட்டேன்னு சொல்லுவ."

மங்கையர்க்கரசி தரையில் உட்கார்ந்து, மகளின் வலது காலை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஆறு மாத வயிறு குறுக்கே நின்றதால் நிறைமதி தன் கால்விரல்களைப் பார்த்தே பல நாட்களாகியிருந்தன. அடுப்படியில் அவள் கணவன் ஜெரோம் சீலா மீன் வறுத்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் வளைகாப்பு.

"அம்மா, எனக்கு இந்தச் சுண்டுவிரல் நகம் மட்டும் ஏன் ரெண்டாப் பொளந்து வளருது? ஊர்ல இருக்குற கிருமிக்கெல்லாம் வழி பண்ணின. இதுக்கு ஒண்ணும் பண்ணலையே."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. உங்க தாத்தாவுக்கும் இருந்துச்சு."

"பாப்பாவுக்கும் வந்துட்டா? தூத்துக்குடியில பேசிக்குவாங்க."

"எங்க வீட்டுல எவன் காலப் பாக்கப் போறான்?" என்று உள்ளேயிருந்து ஜெரோம் சத்தம் போட்டான். "புள்ள மீன் முள்ள ஒழுங்கா எடுக்கான்னுதான் பார்ப்பாவோ. ஒனக்கே அது வரல."

நிறைமதி சிரித்துக்கொண்டே மணிக்கட்டைச் சொறிந்தாள். அங்கே சிறு தடிப்பு இருந்தது. "புது வளையல் சேரலை போல, கழட்டி வை" என்றாள் அரசி. நோய்க்காப்பு எழுதப்பட்ட தலைமுறையில் யாருக்கும் எதுவும் சேராமல் போனதில்லை. அது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் ஜெரோம் சாப்பிடக் கூப்பிட்டான். எழுந்து கை கழுவப் போனாள்.

அப்போது நாட்டில் காய்ச்சல் என்பது பெரியவர்கள் சொல்லும் கதையாகியிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பிள்ளைகள் வேறு பொய் தேட வேண்டியிருந்தது. மருந்துக்கடைகளில் பாதி பேக்கரிகளாகிவிட்டன. எல்லாம் காப்பெழுதி வந்த பிறகு. அது ஒரு குளிர்பெட்டி அளவே உள்ள இயந்திரம். ஒருவரின் இரத்தத்திலிருந்து மரபணுத் தொகுதி முழுவதையும் வரிசையாக வாசித்து, 'இதுதான் நான்' என்று ஒரு எல்லை வகுக்கும். தன்வரை என்று அதற்குப் பெயர். பிறகு வெள்ளணுக்களுக்கு அந்த எல்லையைக் கற்பித்துத் திரும்ப உடலுக்குள் அனுப்பும். தன்வரைக்கு வெளியே உள்ள எதையும் அந்த அணுக்கள் விட்டுவைப்பதில்லை.

அதை உருவாக்கியவள் அரசி. செங்காய்ச்சல் ஆண்டுகளில் மதுரையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தாள். தம்பியை மருத்துவமனை நடைபாதையில் பாயில் கிடத்தி வைத்திருந்து, அங்கேயே இழந்தாள். அதன் பிறகு அவள் வாழ்க்கை மரபணு வரிசையும் வெள்ளணுக்களும்தான்.

அவளுக்கு இருந்த மிகப் பெரிய சிக்கல் கர்ப்பம். வயிற்றுப் பிள்ளை பாதி தாய், பாதி தகப்பன். தாயின் உடலுக்குத் தகப்பனின் பாதி அயல். இயற்கை அதற்குக் கண்ணை மூடிக்கொள்ளும். தன்வரையோ கண்ணை மூடாது. எனவே எவ்வளவு அயலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று அணுக்களுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருந்தது. அதற்குப் 'பிள்ளை விலக்கு' என்று பெயர் வைத்தாள். அந்த அளவைக் கண்டறியக் கர்ப்பிணிகளும் அவர்களின் கணவர்களும் தேவைப்பட்டார்கள்.

நகரத்தில் ஒருவரும் வரவில்லை. விளம்பரத்தைப் பார்த்து வந்த சிலரும் ஊசியைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். கடைசியில் அரசி அருப்புக்கோட்டையில் இருந்த பெரியப்பா மகன் வேலுச்சாமிக்குப் போன் செய்தாள். மறுநாளே இரண்டு வேன்களில் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். புளியோதரைத் தூக்குச்சட்டிகள், தலையணைகள், ஒரு தவில்காரர்கூட.

"நம்ம அரசி கேக்குறா, குடுக்காம இருப்பமா?" என்றான் வேலுச்சாமி. "எடுத்துக்க தாயி, எவ்வளவு ரத்தம் வேணுமோ."

அத்தனை குழந்தைகளும் நலமாகப் பிறந்தன. அந்தத் தம்பதிகளின் மரபணுக்களை வைத்தே பிள்ளை விலக்கின் அளவு நிலைத்தது. அரசி மகளுக்குத் தன் கையாலேயே காப்பு எழுதினாள். அப்போது நிறைமதிக்கு நான்கு வயது. குழந்தைப் பருவத்தில் காப்பு பெற்றவர்களில் முதலாமவள். பெரியவர்களான பின் பெற்றவர்களின் உடலில் பழைய பொறுமை கொஞ்சம் மிச்சமிருந்தது. குழந்தையிலேயே பெற்றவர்களிடம் எழுதியது மட்டும்தான் இருந்தது.

வளையலைக் கழற்றியும் தடிப்பு இறங்கவில்லை. தோள், கழுத்து, முகம் என்று ஏறியது. பிறகு கண் மஞ்சளானது. மருத்துவமனையில் சேர்த்த அன்று மதியம் அரசி மகளின் இரத்தத்தைத் தானே ஆய்வகத்துக்கு எடுத்துப் போனாள். திரும்பி வந்தபோது ஜெரோம் நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான்.

"என்ன மாமி, எந்தக் கிருமி?"

"கிருமி இல்ல."

"பின்ன எத எதுத்து அவ ஒடம்பு இப்படிச் சண்ட போடுது?"

"பிள்ளையோட அணுக்கள் கொஞ்சம் தாயோட ரத்தத்துல கலந்து ஈரல், இருதயம்னு எல்லா இடத்துக்கும் போகும். எல்லாத் தாய்க்கும் அப்படித்தான். இவ காப்பு அதையெல்லாம் அயல்னு அடிக்குது. அது போய் ஒட்டிக்கிட்ட இடத்தையும் சேர்த்து அடிக்குது."

"எம் புள்ள அயலா?"

"அதுல உன் பாதி."

"அணைச்சிருங்க மாமி. நீங்க செஞ்சதுதான?"

அணைக்க வழியில்லை. ஒரு பொத்தான் வைத்தால் என்றாவது கிருமி அதைக் கண்டுபிடித்துவிடும் என்று, அப்படி ஒன்றை வைக்க வேண்டாமென்று சொன்னவளே அவள்தான். மறுநாள் பிள்ளையை எடுத்துப் பார்த்தார்கள், அது பிழைக்கவில்லை. பிள்ளை போன பிறகும் அதன் அணுக்கள் நிறைமதியின் உடலெங்கும் இருந்தன. காப்பு தன் வேலையை நிறுத்தவில்லை. வளைகாப்புக்கு என்று குறித்திருந்த நாளில் அவளைத் தத்தனேரி சுடுகாட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

அந்த ஆண்டு வேறு ஊர்களிலும் இப்படி நடந்தது. எல்லோரும் நிறைமதியின் வயதுக்காரிகள். அரசி பழைய தரவை முதலிலிருந்து பார்த்தாள். பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. வேனில் வந்து இறங்கியவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாலே போதும். எல்லோரும் மாமன் மகளையோ அத்தை மகனையோ கட்டியவர்கள். சிலர் தாய்மாமனையே கட்டியவர்கள். அவர்களின் பிள்ளைகளில் அயல் என்பது மிகக் குறைவு. அந்தக் குறைவைத்தான் அவள் உலகத்துக்கெல்லாம் அளவாக எழுதியிருந்தாள்.

காப்பு வாரியத்தின் முன் நின்று அதைச் சொன்னாள். விலக்கின் அளவைத் திருத்தும் வரை குழந்தைகளுக்குக் காப்பு எழுதுவதை நிறுத்த வேண்டும் என்றாள். ஏற்கெனவே எழுதியவர்களுக்கு என்ன செய்வது என்று கேட்டார்கள். அதற்கு இன்னும் வழி தெரியவில்லை என்றாள். தலைவர் நல்ல மனிதர். செங்காய்ச்சலில் பெற்றோரை இழந்தவர். "நிறுத்தினா பழைய வார்டுகள் திரும்பி வரும் அம்மா. நீங்களே பார்த்ததுதானே" என்றார். காப்பு நிற்கவில்லை. பதிலாக ஓர் அறிவிப்பு வந்தது: திருமணத்துக்கு முன் இருவரின் தன்வரைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

மக்கள் அதற்கு உடனே பெயர் வைத்துவிட்டார்கள்: வரைப்பொருத்தம். தரகர்கள் அதைத்தான் முதலில் கேட்டார்கள். சொந்தத்தில் பொருத்தம் எளிதாக அமைந்தது. வெளியே போகப் போக அமையவில்லை. காதலித்தவர்கள் ஆய்வகத்து வாசலில் பிரிந்து போனார்கள். மறுப்பு சொல்லும் பெற்றோர் கத்த வேண்டிய தேவையே இல்லாமல் போனது. தாளை நீட்டினால் போதும்.

ஒரு நாள் வேலுச்சாமி சால்வையும் மாலையுமாக வந்தான். கூட ஊர்ச் சங்கத்துக்காரர்கள்.

"தாயி, உனக்கு வந்தது பெரிய இழப்புதான். ஆனா நம்ம பெரியவங்க சொந்தத்துக்குள்ள குடுத்து எடுத்தது சும்மா இல்லன்னு நீ விஞ்ஞானத்துலயே காட்டிட்ட. விழா எடுக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க."

"அண்ணே, நான் ஒண்ணும் காட்டல. அன்னைக்கு வேற யாரும் வரல, நீங்கதான் வந்தீங்க. உங்க ரத்தத்தை வச்சு அளவு எடுத்தேன். அதனால அது உங்களுக்கு மட்டும் பொருந்துது. வேற சனத்தை வச்சு எடுத்திருந்தா இப்படி ஆகியிருக்காது. என் பிழைண்ணே அது."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றான் வேலுச்சாமி கனிவாக. "யாரும் வரல. நாங்கதான் வந்தோம்."

அவள் சால்வையை வாங்கவில்லை. அவன் அதை நாற்காலியின் மேல் வைத்துவிட்டுப் போனான்.

அரசி ஓய்வு பெற்ற பிறகும் புதிய அளவுக்கான வேலையைச் செய்துகொண்டிருந்தாள். அதற்குப் பல சமூகங்களையும் ஊர்களையும் சேர்ந்த, ஒருவருக்கொருவர் உறவில்லாத தம்பதிகள் தேவைப்பட்டார்கள். விளம்பரம் கொடுத்தாள். அப்படிப்பட்ட தம்பதிகள் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவந்தது.

ஜெரோம் வேறு திருமணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தூத்துக்குடியிலிருந்து மீனோடு வருவான். ஒரு ஞாயிறு, இடுப்பு வலியால் குனிய முடியாமல் அவள் நகவெட்டியை வைத்துக்கொண்டு திண்டாடுவதைப் பார்த்தான்.

"குடுங்க மாமி."

"சீ, மருமகன் என் காலைத் தொடுறதா? வேணாம் ஜெரோம்."

"சும்மா இரிங்க" என்று தரையில் உட்கார்ந்து அவள் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். பெருவிரலிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வந்தவன், கடைசி விரலில் கையை நிறுத்தினான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுண்டுவிரல் நகம் இரண்டாகப் பிளந்துதான் வளர்ந்திருந்தது.