வலது காது

பதினோராவது சிடியில், வெறும் இசை மட்டும் இருக்கவேண்டிய இடது பக்கத்தில், யாரோ மூச்சு இழுத்தார்கள்.

சிவப்பிரகாஷ் கையை நிறுத்தினான். பல்லவிக்கு முன்னால் வரும் வயலின் முடிந்து, பாடுகிறவன் வாய் திறக்கவேண்டிய அந்த அரை நொடியில், நெஞ்சு நிறையக் காற்றை உள்ளே வாங்கும் சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சொல் வரவேண்டிய இடத்தில் தபலாவும் கிட்டாரும் தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. பின்னால் நகர்த்தி மறுபடி கேட்டான். மூச்சு அங்கேயேதான் இருந்தது. பழைய பதிவுகளில் ஒரு பக்கத்துச் சத்தம் மறுபக்கம் கொஞ்சம் ஒழுகுவது சகஜம் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த சிடியை உள்ளே தள்ளினான்.

ஜோன்ஸ் அண்ணாச்சி வீட்டு ஹாலில் காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவன். ஆடிக் காற்று உப்பளங்களிலிருந்து மண்ணையும் உப்பையும் வாரிக்கொண்டு வந்து அடித்ததால் ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். பகல் பத்தரைக்கே ஹால் மங்கிக் கிடந்தது. டெட்டால் வாசனையும், பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் காயும் கருவாட்டு வாசனையும், சூடேறிய லேப்டாப்பின் வாசனையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் நின்றன. மேஜையில், பாட்டுகளை நகலெடுத்து ஏற்ற ஒரு ஹார்ட் டிஸ்க். தரையில் அறுபத்து மூன்று கரோக்கி சிடிகள்.

இன்று கரோக்கி பாடத் தூத்துக்குடியில் யாருக்கும் சிடி தேவையில்லை, ஒரு போன் போதும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டிக்கொண்டிருந்த ஜோன்ஸ் ஒரு கரோக்கிக் குழுவைத் தொடங்கியபோது அப்படியில்லை. ஒவ்வொரு பாட்டையும் அவரே ஸ்டுடியோவில் பாடிப் பதிந்து சிடி போட்டார். இடது பக்கம் வெறும் இசை. வலது பக்கம் அதே இசையோடு அவர் குரல். புதிதாகச் சேருகிறவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வலது காதில் அவரைக் கேட்டுக் கேட்டுப் பாட்டைப் படிக்கவேண்டும். பாடமானதும் வலதை அணைத்துவிட்டு, இடது பக்கத்து இசையோடு தானே பாடவேண்டும். குழுவின் பாடகர்கள் எல்லாரும் அந்த வலது காதில் பிறந்தவர்கள்தான். சிவப்பிரகாஷும்.

அதுதான் அவனுக்குச் சகிக்கவில்லை. கப்பல் ஏஜென்சி ஆபீசில் நாள் முழுக்கப் பேப்பர் பார்த்துவிட்டு, ராத்திரி குளியலறையில் தொண்டை வறளப் பழகி, ஞாயிற்றுக்கிழமை மேடையேறி உயிரைக் கொடுத்துப் பாடிவிட்டு இறங்கினால், கையைப் பிடித்துக் குலுக்குகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: “அப்படியே ஜோன்ஸ் அண்ணாச்சி மாரியே இருந்துச்சு.” அவனைப் பாராட்டினால்கூட அந்தப் பாராட்டு நேரே ஜோன்ஸ் வீட்டு வாசலுக்குத்தான் போய் நின்றது.

போன வருஷம் ஜோன்ஸுக்குத் தொண்டையில் புற்றுநோய். மதுரையில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தடியில் ஒரு ஓட்டை. மூச்சு போவதும் வருவதும் அது வழியாக மட்டும்தான். மேலே ஒரு வெள்ளைத் துணி கட்டியிருக்கும். பேச்சு கிடையாது. செய்தி கேட்ட அன்று சிவப்பிரகாஷ் எல்லாரோடும் சேர்ந்து அழுதான். வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்கூட்டரில் பாடிக்கொண்டே போனான். இரண்டும் உண்மைதான்.

இந்த வருஷம் மாதா திருவிழா மேடையில் முதல் பாட்டு அவனுக்கு என்று குழுவில் முடிவாகியிருந்தது. காலையில் ஜோன்ஸின் மனைவி பிலோமினா அதில் மண்ணைப் போட்டாள்.

“தம்பி, உப்புக் காத்துல சிடியெல்லாம் அரிச்சிட்டு வருது. அவிய குரலு இனி இதுல மட்டுந்தான் இருக்கு. ஒண்ணு விடாம ஏத்திருங்க. திருவிழாவுல மொத ரெண்டு பாட்டும் அவிய குரல்லயே போட்டுருவோம். அதுக்குப் பொறவு நீங்க பாடுங்க.”

அதுக்குப் பொறவு. குரல்வளையே இல்லாத மனுஷனுக்குப் பின்னாலும் அவன் இரண்டாவது ஆள்தான்.

“சரிக்கா” என்றான்.

ஜோன்ஸ் தன் அறையிலிருந்து எழுந்துவந்து, பேசுவதற்காக வைத்திருக்கும் நோட்டில் எழுதிக் காட்டினார்: ‘வலது காத விட்டுராதலே.’ எழுதிவிட்டுச் சிரித்தார். தோளில் தட்டினார். மனுஷன் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

முதல் பத்து சிடிகளை ஒழுங்காகத்தான் ஏற்றினான். பத்தாவதில் அவன் திருவிழாவுக்கென்று ஒரு மாதமாகப் பழகிவரும் பாட்டு வந்தது. ஜோன்ஸின் குரல். பழுதில்லாத, அவசரமில்லாத, எல்லாருக்கும் பிடித்த அந்தப் பாழாய்ப்போன குரல். நகலெடுக்கும் புரோகிராமில் இரண்டு கட்டங்கள் இருந்தன: இடது, வலது. வலதில் இருந்த டிக்கை எடுத்தான். ஏற்றிய பத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினான். கேட்டால் வலது பக்கம் எல்லாம் அரித்துப் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். உப்புக் காற்றுமேல் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

ஏற்றி முடித்த சிடிகளைச் சாக்கில் போடச் சொல்லியிருந்தாள் பிலோமினா. பக்கத்து வீட்டு செல்லக்கனி கருவாட்டுக்கு மேலே காக்கா அண்டாமல் கட்டித் தொங்கவிடக் கேட்டிருந்தாளாம். சிவப்பிரகாஷ் ஒவ்வொன்றையும் சாக்கில் போடுவதற்கு முன்னால் ஸ்கூட்டர் சாவியால் நடுவிலிருந்து ஓரம்வரை ஒரு கோடு இழுத்தான். கர்ர்ர் என்று ஒரு சத்தம். சுகமாக இருந்தது.

இருபதாவது சிடியிலும் அந்த மூச்சு வந்தது. முப்பதிலும். இப்போது மூச்சோடு வேறு சத்தங்களும் சேர்ந்திருந்தன: உதடு பிரியும் சின்னச் சத்தம், நாக்கு மேலண்ணத்தை விட்டு ஈரமாக விலகும் சத்தம். யாரோ பாட எல்லா ஆயத்தமும் செய்துவிட்டு, பாடாமல், மைக்கின் மறுபக்கத்தில் காத்துக்கொண்டு நிற்பதுபோல.

ஐம்பத்தெட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினான். ஹாலுக்கும் ஜோன்ஸின் அறைக்கும் இடையில் ஒரு திரைதான். அதற்கு அந்தப் பக்கம் ஜோன்ஸின் மூச்சு கேட்டது. சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குவதுபோல மெல்லிசாக, சளியோடு. சிடியில் இருப்பது அந்த மூச்சு இல்லை. ஆபரேஷனுக்கு முந்தைய ஜோன்ஸின் மூச்சும் இல்லை. அவர் மூச்சு எடுப்பதே வெளியில் தெரியாது. இது நடுவில் ஒரு விக்கல்போல் தடுக்கி, பிறகு அவசரமாக நிரம்பியது.

இருபத்திரண்டு வருஷமாக ஜோன்ஸ் திட்டிய திட்டு ஞாபகம் வந்தது. “ஏலே சிவா, மூச்ச முழுங்காதலே.”

சிவப்பிரகாஷ் ஹெட்போனை மாட்டி மறுபடி கேட்டான்.

தடுக்கி, நிரம்பும் மூச்சு.

அவனுடையது.

அவன் குழுவுக்கு வருவதற்கு முன்பே, அவன் முகம்கூடத் தெரியாத ஒரு நாளில், ஜோன்ஸ் ஸ்டுடியோவில் பதிந்த முதல் சிடியைத் தேடிச் சாக்குக்குள் கைவிட்டான். எல்லாம் கோடு விழுந்தவை. எதுவும் ஓடவில்லை. ஹார்ட் டிஸ்கில் இருந்த நகலைத் திறந்தான். முதல் பாட்டு. வயலின். தடுக்கிய மூச்சு. அதன்பிறகு, ஒன்றுமில்லை.

பிலோமினா டீ கொண்டுவந்து வைத்தாள். “எம்புட்டு முடிஞ்சிருக்கு தம்பி?”

“ஐம்பத்தெட்டு” என்றான். அதில் பாதிதான் வெளியே வந்தது. மீதி வெறும் காற்று.

“தொண்ட கட்டிட்டா? பூரா தூசில்லா. சுக்கு தட்டிப் போட்டுக் கொண்டாரட்டா?”

வேண்டாம் என்று தலையாட்டினான். இருமிப் பார்த்தான். இருமலுக்கும் சத்தம் இல்லை. டீ சூடாக இறங்கியது. தொண்டையில் வலியில்லை, கரகரப்பில்லை, எதுவுமேயில்லை. ஒரு சாமானை எடுத்தபிறகு அலமாரியில் மிஞ்சும் இடம் மாதிரி இருந்தது.

நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. நன்றாகவே தோன்றியது. மிச்சம் ஐந்து சிடி. அவற்றில் வலது பக்கம் இன்னும் பத்திரமாக இருந்தது. ஐந்தில் இருந்த ஜோன்ஸின் குரலே திருவிழாவுக்குப் போதும், பிலோமினாவுக்கும் போதும். அங்கேதான் சிக்கல். மேடைக்குக் கீழே ஆயிரம் பேர் நிற்க, ஒலிபெருக்கியில் அந்தக் குரல் போய்க்கொண்டிருக்க, அவன் ஓரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் முறைக்கு நிற்பதை நினைத்துப் பார்த்தான். அதற்குத் தொண்டை கட்டுவது மேல். நாளைக்குச் சரியாகிவிடும். உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் போதும்.

ஐம்பத்தொன்பது. சாவியின் கோடு.

அறுபது. கோடு.

அறுபத்தொன்று.

வெளியே காற்றின் இரைச்சல் குறைந்துகொண்டே வந்தது. ஜன்னல் கதவுகள் ஆடவில்லை. அறுபத்திரண்டு. திரைக்கு அந்தப் பக்கம் சளி மூச்சும் நின்றுவிட்டிருப்பதை எப்போது கவனித்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை. அறுபத்து மூன்று. கடைசிக் கோட்டை மெதுவாக, அழுத்தி இழுத்தான்.

அமைதி.

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

நல்ல கணீரென்ற இருமல். தொண்டை உள்ள மனுஷனின் இருமல்.

பிலோமினா அடுப்படியில் இருந்தாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. வீட்டில் வேறு யாரும் இல்லை. “அக்கா” என்று கூப்பிட வாயைத் திறந்தான். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

“அக்கா” என்றது திரைக்குப் பின்னால்.

அவன் குரல்.

“என்ன தம்பி?” என்றாள் பிலோமினா அடுப்படியிலிருந்து.

அவன் எழுந்தான். கால் சிடிச் சாக்கை மிதித்தது. திரையை விலக்கினான்.

ஜோன்ஸ் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வாய் மூடியிருந்தது. கண்கள் மட்டும் அகலமாகத் திறந்து, தூக்கத்தில் தேள் கொட்டியவரைப்போல் மிரண்டு, அவனையே பார்த்தன. கழுத்துத் துணி மெல்ல ஏறி இறங்கியது.

அண்ணாச்சி, என்று சிவப்பிரகாஷின் உதடு அசைந்தது.

துணி உப்பியது. “அண்ணாச்சி” என்றது.

ஜோன்ஸ் உடம்பு குலுங்கி, கையைக் கொண்டுபோய்த் துணியைப் பொத்தினார். தலையை இல்லை, இல்லை என்று ஆட்டினார். மடியிலிருந்த நோட்டும் பேனாவும் கீழே விழுந்தன.

சிவப்பிரகாஷ் கத்தினான். அவன் வாய் கிழியத் திறந்தது. கத்தல் ஜோன்ஸின் கழுத்திலிருந்து, விரல்களுக்கு அடியிலிருந்து, ஈரத்தோடு பீறிட்டு வந்தது. அவன் வாய் மூடித் திறக்க, அங்கே சத்தம் இறங்கி ஏறியது. ஓடிவந்த பிலோமினா வாசலில் நின்றாள். ஒருவர் வாயையும் மற்றவர் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மாதாவே” என்றாள். அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

சிவப்பிரகாஷ் இரண்டு கையாலும் தன் வாயை இறுகப் பொத்தினான்.

அது நிற்கவில்லை.

கத்தல் மெல்ல இறங்கியது. ஒரு கணம் ஓய்ந்தது. பிறகு பாடத் தொடங்கியது. திருவிழாவுக்கென்று அவன் பழகிய பாட்டு. அவன் குரல்தான், சந்தேகமேயில்லை. மூச்சு மட்டும் எங்கேயும் தடுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் குரலில் அவன் ஒருநாளும் இவ்வளவு நன்றாகப் பாடியதில்லை. பயத்தில் மூத்திரம் காலில் இறங்கிக்கொண்டிருக்கும்போதும் வயிற்றுக்குள் அவனுக்கு முதலில் மூண்டது அந்தப் பழைய எரிச்சல்தான்.

ஜோன்ஸ் பாட்டை நிறுத்தப் பார்த்தார். இரண்டு கைகளாலும், பத்து விரல்களாலும், தனக்கு மூச்சுக்கென்று இருந்த ஒரே வழியை அழுத்தி அடைத்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. உதடு நீலமாயிற்று. பிறகு காது மடல். பிலோமினா தவழ்ந்து வந்து அவர் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை.

பாட்டு இரண்டாவது சரணத்துக்குப் போனது.