நான்கு பல்தடங்கள்

“தம்பிக்குத்தான் பல்லே இல்லையே, அப்புறம் உன்னை யாரும்மா கடிச்சது?”

அம்மா ரஞ்சிதாவின் முழங்கையைத் தொட்டு யாழினி ஒருநாள் கேட்டாள். மேலே இரண்டு, கீழே இரண்டு. அரிசி அளவில் நான்கு பள்ளங்கள்.

எடப்பாடியில் அந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்து ஒரு மாதம்தான். அப்பா நந்தகுமாருக்குப் பக்கத்துப் பட்டறையில் தறி ஓட்டும் வேலை. முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன மரத்தொட்டில் மூலையில் கிடந்தது. ஒன்பது மாதக் குழந்தை மாதேஷை அதில் போட்டார்கள். யாரையும் கேட்கவில்லை.

தறிச்சத்தத்தில் எதுவும் காதில் விழாது. மதியம் கரண்டு போனால் விழும்.

கறுக். கறுக்.

மரத்தைக் கொறிக்கும் சத்தம். கூடவே திரிந்த பாலின் வாடை. ஓடிப்போய்ப் பார்த்தால் மாதேஷ் அயர்ந்து தூங்குவான். தொட்டில் விளிம்பில் புதிதாக ஒரு பல்தடம் ஈரத்தோடு இருக்கும்.

நந்தகுமார் தொட்டிலை வாசலில் தூக்கிப் போட்டான்.

மறுநாள் சத்தம் குழந்தையின் பாயிலிருந்து வந்தது.

வியாழக்கிழமை மாதேஷின் கீழ் ஈறில் வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. முதல் பல் முளைத்தால் செய்யும் வழக்கப்படி, அவன் தலையில் கொட்டுவதற்குப் பல்லுக்கொழுக்கட்டை உருட்டிக்கொண்டிருந்தாள் ரஞ்சிதா. குழந்தை வீறிட்டது.

கழுத்தில் நான்கு பள்ளங்கள்.

ஒன்றில் ரத்தம்.

அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பொன்னாயி ஓடிவந்தாள். தடத்தைப் பார்த்ததும் குரல் தணிந்தது.

“இந்த ஊட்டுல முன்னால மஞ்சுளான்னு ஒரு புள்ள இருந்துச்சு சாமி. அதுங் கொழந்தைக்கு நாலு பல்லும் ஒண்ணா மொளைச்சுது. கொழுக்கட்டை கொட்டறதுக்குள்ள காய்ச்சல்ல போயிருச்சு. அந்தத் தொட்டில்லதான்.”

“எங்க ஊட்டுக்காரரு மந்திரவாதியக் கூட்டியாறேங்கறாருங்க்கா. அடிச்சு வெரட்டிருவாராம்.”

“பச்சைக் கொழந்தைய அடிக்க ஆளு கூட்டியாறாரா? நல்லா இருக்குது நாயம்!”

பொன்னாயி இரண்டு பிள்ளைகளையும் தன் வீட்டுக்குத் தூக்கிப் போனாள்.

ரஞ்சிதா தொட்டிலை உள்ளே இழுத்து வந்தாள். கதவைச் சாத்தினாள். கொழுக்கட்டையின் முதல் ஈடு வெந்து இறங்கியபோது கரண்டு போனது.

பால் வாடை முகத்தில் அடித்தது.

“உன் தொட்டில்ல எம்பையன் தூங்கிட்டான் சாமி,” என்றாள். “கேக்காம எடுத்துக்கிட்டம். இது உனக்குத்தான். அவனுக்கு அப்புறம்.”

முறத்தைச் சாய்த்து வெறும் தொட்டிலின்மேல் கொட்டினாள்.

கொழுக்கட்டைகள் மரத்தில் நேராக விழவில்லை. ஒரு சாண் மேலே, உருண்டையான எதன்மீதோ பட்டு, இரு பக்கமும் மெல்லச் சரிந்தன.