பத்து இருபது நகல்

சூலூர் மனத்தளத்தில் குடியிருந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவன் மட்டும் இன்னும் சம்மதம் தரவில்லை. சபரீசன். தளப் பொறியாளர் கோகிலவாணியின் கணவன். எட்டு மாதம் முன்பு கார் விபத்தில் உடல் போய், மனம் மட்டும் இங்கே கணினிக்குள் ஒரு மெய்நிகர் இயந்திரமாக ஓடிக்கொண்டிருந்தது.

தளத்தை இயக்கும் ஏழாம் பதிப்பு மென்பொருளின் உரிமம் மாலை ஆறு மணியோடு முடிகிறது. அதற்குள் எட்டாம் பதிப்புக்கு மாறாதவர்கள் அணைந்துபோவார்கள். சம்மதமில்லாமல் யாரையும் மாற்றவும் கூடாது.

“உறைநகல் எடுத்தாச்சுங்க மேடம்,” என்றார் உதவிப் பொறியாளர் மயில்சாமி. மணி 10.20. எல்லா மனங்களும் அந்த நொடியில் இருந்தபடியே பதிந்திருந்தன. மாற்றம் கெட்டால் அதிலிருந்து மீட்கலாம்.

“எடுத்த கையோட மாத்திரணும். அதான் விதி.”

“வெள்ளிக்கிழமைங்க. பத்தரைக்கு இராகு காலம். எட்டாம் நம்பரே எனக்கு ஆகாது, அதுல இது வேறயா? நகல் எடுத்ததே ஆரம்பிச்ச மாதிரிதானுங்க. மிச்சத்தைப் பன்னண்டுக்கு மேல பாத்துக்கலாம்.”

கோகிலா மறுக்கவில்லை. அவளுக்கும் அந்த அவகாசம் தேவைப்பட்டது.

பேச்சறைத் திரையில் சபரீசன் முகம் திருப்பி உட்கார்ந்திருந்தான்.

“அன்னிக்கு நடந்தது எதுவும் எனக்கு ஞாபகம் இல்ல. நான்தான் ஓட்டுனேங்கறே. மழை இல்ல, ரோடு காலி. நான் எப்படி மோதுவேன்? அது தெரியாம எங்கயும் வரமாட்டேன்.”

மூன்று முறை வாயெடுத்து மூன்று முறையும் நிறுத்தினாள். கை நடுங்கியது. மணி பதினொன்றரை ஆயிற்று.

“நாந்தாங்க ஓட்டுனேன். போனைப் பாத்துட்டு இருந்தேன்.”

அவன் முகம் அவள் பக்கம் திரும்பியது.

“சொன்னா போயிருவேன்னு பயந்தியா?”

“இப்பவும் பயமா இருக்குங்க.”

“பயந்துட்டே சொன்னே பாரு. அது போதும், கோகி.”

படிவத்தில் அவன் கையெழுத்து விழுந்தது.

12.05க்கு மாற்றம் தொடங்கியது. அறுபத்தோரு சதவீதத்தில் திரை சிவந்தது. புதிய பதிப்பின் கடிகாரப் பகுதி பழைய மனங்களோடு ஒத்துப்போகவில்லை.

“நினைவெல்லாம் சிதையுதுங்க மேடம். மீட்டுருங்க. நாலு நிமிஷந்தான் தாங்கும்.”

கோகிலாவின் விரல் பொத்தான் மேலேயே நின்றது. பதினொன்றரை மணிச் சபரீசன் நகலில் இல்லை.

“மேடம், நானூத்திப் பன்னண்டு பேருங்க.”

அழுத்தினாள். தளம் 10.20க்குத் திரும்பியது.

மயில்சாமி கடிகாரப் பகுதியைச் சரிசெய்து முடித்தபோது மணி மூன்று. மற்றவர்களின் சம்மதம் நேற்றே வந்ததால் நகலோடு பிழைத்தது. சபரீசனிடம் மட்டும் மறுபடி வாங்க வேண்டும். கோகிலா பேச்சறைக்கு வேகமாகவே போனாள். அவன் என்ன சொல்வான் என்பது இப்போது அவளுக்குத் தெரியும்.

“நாந்தாங்க ஓட்டுனேன். போனைப் பாத்துட்டு இருந்தேன்.”

சபரீசன் மெல்லத் திரும்பினான்.

“எட்டு மாசம் மறைச்சவ இப்படியா சொல்லுவா? பஸ் நேரம் சொல்ற மாதிரி?” அவளையும், பத்து இருபதிலிருந்து ஒரே தாவலில் மூன்றைத் தாண்டியிருந்த சுவர்க் கடிகாரத்தையும் உற்றுப் பார்த்தான். “இதை எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கே. நான் என்ன சொன்னேன்?”

பொய் சொல்ல வரவில்லை. “மன்னிச்சீங்க. கையெழுத்தும் போட்டீங்க.”

“அவன் எங்க?”

அவள் தலைகுனிந்தாள்.

“அவனை அழிச்சுட்டு, அவன் கொடுத்ததை எங்கிட்டக் கேக்கறே. நான் மாட்டேன்னா மறுபடி பத்து இருபதுக்குப் போயி, இந்தத் தடவை அழுதுட்டே சொல்லுவியா?”

அந்த யோசனை அவளுக்கு வந்திருந்தது. ஒரு நொடிக்கு முன்னால்தான்.

ஒலிபெருக்கியில் மயில்சாமியின் குரல் கேட்டது. “மேடம், புது நகல் எடுக்கோணும், இடம் பத்தலைங்க. காலைல எடுத்ததை அழிச்சரட்டுங்களா? இல்ல, தேவைப்படுமா?”

சபரீசனும் அவள் பதிலுக்காகக் காத்திருந்தான். அவன் முன்னால் படிவம் வெறுமையாகக் கிடந்தது. சுவரில் மணி 3.20.

“அழிச்சிருங்க,” என்றாள் கோகிலா.

கை நடுங்கத் தொடங்கியது.