வாவிக்குள் எழுதிய ஊர்

வரைபடத்தின் முதற்பிரதியில் வம்மிக்குடா என்ற ஊரின் புள்ளி கரையை விட்டு நகர்ந்திருந்தது. ஒரு நெல்மணி அளவுதான். மூலப்படத்திலோ, படம் வரையும் நல்லரத்தினம் தன் கையால் வைத்த இடத்திலேயே அது இருந்தது.

1991 மாரிகாலப் பிற்பகல். புளியந்தீவில் வாவியைப் பார்த்தபடி நின்ற நிவாரண அலுவலகம். நாளை அரிசி ஏற்றிப் போகும் ஐந்து லொறிகளுக்கும் ஐந்து பெரிய படங்கள் வேண்டும். படத்தில் இல்லாத ஊருக்கு அரிசி இல்லை. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் களுதாவளை, செட்டிபாளையம் என்ற பெயர்கள் ஒன்றையொன்று முட்ட, எஞ்சிய இடத்தை அலுவலகத்தின் பெயர் தடித்த எழுத்தில் அடைத்துக் கிடந்தது. பத்தொன்பது குடும்பங்களின் வம்மிக்குடாவுக்கு இடமில்லை. அங்கேதான் நல்லரத்தினத்தின் தங்கை சின்னத்தங்கம் மூன்று பிள்ளைகளோடு பசித்திருந்தாள்.

தடித்த எழுத்தைச் சற்று ஒதுக்கலாமா என்று அலுவலகத் துரையிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. தங்கையின் ஊர்ப்பெயரை வாவிக்குள் எழுதி, அதிலிருந்து கரையிலுள்ள புள்ளிக்கு மெல்லிய கோடு இழுத்தார்.

"தங்கச்சிர ஊருக்கு நீச்சல் தெரியுமா அண்ணன்?" பிரதி இயந்திரத்தை ஓட்டிய முத்தலிப் சிரித்தான்.

"நீ வேலையப் பாருகா."

இரண்டாம் பிரதியை விரித்தபோது, பிரதி இயந்திரத்தின் கண்ணை எரிக்கும் அமோனியா நெடிக்கு அடியிலிருந்து, சேறும் அழுகிய பாசியும் கலந்த இன்னொரு மணம் ஈரத்துணியைப் பிழிந்ததுபோல மெல்ல எழுந்தது; புள்ளி கோட்டின் வழியே வாவிக்குள் இருந்த பெயரை நோக்கிப் பாதி தூரம் வந்திருந்தது.

"கடதாசி வழுக்குது அண்ணன். மறுகா ஒருக்கா அடிப்பம்."

மூன்றாம் பிரதி. புள்ளி இன்னும் உள்ளே. காகிதத்தின் ஓரம் நனைந்திருந்தது.

"பிள்ளையாரே" என்றார் நல்லரத்தினம். சவர அலகை எடுத்து, மூலப்படத்தில் அலுவலகத்தின் பெயரை எழுத்தெழுத்தாகச் சுரண்டினார்.

"துரை கொல்லுவாரு அண்ணன்!"

"கொல்லட்டும்."

வாவியிலிருந்த பெயரையும் கோட்டையும் சுரண்டினார். வெறுமையான இடத்தில், நிலத்தின்மேல், வம்மிக்குடா என்று எழுதினார். காலையிலேயே செய்திருக்கலாம். இவ்வளவுதான் வேலை.

நான்காம் பிரதி.

நிலத்தில் பெயர் இல்லை. வாவியில் இருந்தது. புள்ளி அதற்கு நேர் கீழே. கோடு இல்லை.

சன்னலுக்கு வெளியே யாரோ இருமினார்கள். நல்லரத்தினம் எட்டிப் பார்த்தார்.

மழை விட்டிருந்தது. வாவி முழுவதும் தலைகள். கழுத்தளவு நீரில், அரிசிக்கு நிற்கும் வரிசையாக, முண்டியடிக்காமல், பேசாமல். ஒவ்வொரு கையும் கூப்பன் மட்டையை நனையாமல் உயர்த்தியிருந்தது. முன்னால் சின்னத்தங்கம். அவளருகே மூன்று சோடிச் சிறு கைகள் மட்டும் நீருக்கு மேலே, வெறுஞ்சாக்கு ஒன்றின் வாயை அவரை நோக்கி விரித்துப் பிடித்திருந்தன.