உறைந்த ஏரியில் விளக்குக்காரன்

"இண்டைக்கு ஆறு மணிக்குள்ள அந்த மீன் எங்கட கையில இருக்கோணும்!" என்று கத்திக்கொண்டே சறுக்குவண்டியின் கயிற்றைத் தோளில் மாட்டினான் நிரூபன்.

ரொறன்ரோவிலிருந்து மூன்று மணி நேரம் வடக்கே கிடந்தது கிரேலூன் ஏரி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை பனிக்கட்டி! அதற்கடியில் எங்கோ, செட்டையில் பித்தளைத் தகடு பூட்டிய ஒரு ட்ரவுட் மீன் நீந்திக்கொண்டிருந்தது. அதைப் பிடிப்பவருக்குப் புத்தம் புதிய மோட்டார் பனிவண்டி என்று மீன்பிடிச் சங்கம் அறிவித்திருந்தது. இன்றுதான் போட்டியின் கடைசி நாள்.

ஆனால் பின்னால் நடந்த கேதீசனுக்கு மீனைப் பற்றி நினைப்பே இல்லை. அவன் வயிறு எரிந்துகொண்டிருந்தது.

இந்த நண்பர் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூடாரத்துக்கு விளக்கைத் தேர்ந்தெடுப்பவன்தான் 'விளக்குக்காரன்'. தடித்த துணிக்கூடாரத்துக்குள் பட்டப்பகலிலும் இருட்டு. விளக்கில்லாமல் தூண்டில் முடிச்சுகூடத் தெரியாது. அதனால் விளக்குக்காரன் கைகாட்டும் இடத்தில்தான் கூடாரம். மீன்பிடிக்கப் பனிக்கட்டியில் குடையும் முதல் துளையும் அவன் போடுவதுதான். மூன்று குளிர்காலமாக அந்தப் பதவி கேதீசனிடம் இருந்தது. போன வருடம் அவன் கொண்டுவந்த எரிவாயு விளக்கு, மூடிய கூடாரத்துக்குள் எரிந்ததில் நிரூபனுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வந்துவிட்டன. அதோடு பதவி போயிற்று!

போனதுகூடப் பரவாயில்லை. யாரிடம் போயிற்று? வவுனியாவிலிருந்து வந்து எட்டே மாதமான சேந்தனிடம்! பனியையே முதல் தடவையாகப் பார்க்கிறவனிடம்!

விளக்கு வாங்கப் போன கடையில் சேந்தன் கேட்ட கேள்விகளை நிரூபன் வழியெல்லாம் சொல்லிச் சிலாகித்தான். கையுறையோடு சுவிட்சைத் திருப்ப முடியுமா? எங்கே தொங்கவிடுவது? பேட்டரியைக் கழற்ற முடியுமா? கடைசியில் சேந்தன் வாங்கியது உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு. நீண்ட வயர், அதன் நுனியில் தனிப் பேட்டரி.

"இது விளக்கோ, மின்மினியோ?" என்று நக்கலடித்தான் கேதீசன். அவன் பையில் இரகசியமாக வாங்கிய இன்னொரு விளக்கு இருந்தது. இதைவிடப் பத்து மடங்கு வெளிச்சம்! அட்டையில் அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்தே வாங்கியிருந்தான்.

கூடாரம் எழுந்தது. சேந்தன் முதல் துளையைப் போட்டான். நிரூபன் அவன் முதுகில் தட்டி, "அச்சாவா இருக்கு மச்சான்!" என்றான். அந்தத் தட்டு கேதீசனின் நெஞ்சில் விழுந்தது.

அரை மைல் தள்ளி, ஆற்றுமுகத்துக்கு அருகே, கொடி கட்டிய இன்னொரு தூண்டிலை வைத்தார்கள். மீன் இழுத்தால் கொடி எழும். அங்கே பனிக்கட்டி மெல்லியது. கொஞ்சம் தவறினால் தண்ணீர்தான்.

மூன்றரை மணிக்குக் கொடி எழுந்தது! "வாறன்!" என்று நிரூபன் ஓடினான். சேந்தன் விளக்கை அணைத்துவிட்டு, வெளியே போட்டிருந்த துளைகளில் படிந்த பனியை அள்ளப் போனான். அவனுடைய பேட்டரி, கம்பளிக் காலுறைக்குள், சுடுதண்ணிப் போத்தலோடு ஒட்டி வைத்திருந்தது. குளிர் பட்டால் பேட்டரி செத்துவிடும் என்று அவன் அத்தனை பத்திரம்!

கேதீசன் சுற்றுமுற்றும் பார்த்தான். பேட்டரியை வயரிலிருந்து கழற்றி, கூடாரத்துக்குப் பின்னால் பனிக்குள் புதைத்தான். நிரூபன் முன்னால் இவனுடைய விளக்கு அணைய வேண்டும், தன்னுடையது பளீரென்று எரிய வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது.

அரை மணி நேரத்தில், சேந்தன் உள்ளே வரும்போதே, காற்று எழுந்தது. கையை நீட்டினால் விரல் தெரியாத பனிப்புயல்! நிரூபன் வரவில்லை. குளிரில் அவன் கைபேசியும் அணைந்துவிட்டிருந்தது.

"தேடிப் போவம்!" என்று கேதீசன் துடித்தான்.

"விசரா! போனா நாங்களும் துலைஞ்சிடுவம். லைற்றைக் காட்டோணும்!" என்று தடுத்தான் சேந்தன்.

கேதீசன் தன் விளக்கை எடுத்தான். கூடாரமே வெள்ளையாகிப் போனது! கம்பின் உச்சியில் கட்டி உயர்த்தினான். ஐந்து நிமிடம். மங்கியது. துடித்தது. அணைந்தது! பையோடு சறுக்குவண்டியில் மூன்று மணி நேரம் குளிரில் கிடந்த விளக்கு அது. பேட்டரி உள்ளேயே பூட்டியது, கழற்றிச் சூடாக்க வழியில்லை.

சேந்தன் காலுறைக்குள் கைவிட்டான். "பற்றரி எங்க? இதுக்குள்ளதானே வச்சனான்!"

கேதீசன் கூடாரத்தின் பின்பக்கம் பார்த்தான். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் நிரூபன் ஆற்றுமுகத்தில்!

"நான்தான் எடுத்தனான்!"

ஓடினான். வெறுங்கையால் பனியைத் தோண்டினான். பேட்டரி கல்லாய் உறைந்திருந்தது. சட்டையைத் தூக்கி, வயிற்றுத் தோலோடு அதை அணைத்துக்கொண்டான். ஐயோ, எரிந்தது! நிரூபனுக்குச் சத்தமாவது கேட்கட்டும் என்று சேந்தன் வாளியைத் தட்டிக்கொண்டே இருந்தான். பத்து நிமிடம். பதினைந்து நிமிடம்.

"இப்ப போடு!" என்றான் கேதீசன்.

கம்பின் உச்சியில் சின்ன விளக்கு உயிர்பெற்றது. சேந்தன் அதைச் சிமிட்டும்படி திருப்பினான். எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. கேதீசனின் சட்டைக்குள்ளிருந்து வயர் மேலே போனது, அவன் அசையவில்லை.

வெண்மைக்குள்ளிருந்து ஓர் உருவம் தவழ்ந்து வந்தது. நிரூபன்! முழங்கால்வரை ஈரம். நெஞ்சோடு அணைத்த பைக்குள் ஒரு பெரிய மீன். செட்டையில் பித்தளைத் தகடு!

"மற்றப் பக்கம் போய்த் தண்ணிக்குள்ள ஒரு காலை விட்டிட்டன். அப்பதான் காத்து ஒருக்கா அடங்க, வெளிச்சம் தெரிஞ்சுது. ஆரடா பத்தவைச்சது?"

"கேதீசன்தான். பற்றரியை வயித்தோட வச்சுச் சூடாக்கினவன்" என்றான் சேந்தன்.

நிரூபன் கேதீசனைக் கட்டிக்கொண்டான். காலையிலிருந்து ஏங்கியது கிடைத்தேவிட்டது! ஆனால் கேதீசனுக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. பெருந்தன்மையிலும் சேந்தனே முந்திக்கொள்கிறானே! அவன் நிரூபனைத் தள்ளினான்.

"அதைப் பனிக்குள்ள புதைச்சதும் நான்தான். பொறாமையில செய்தனான்."

நிரூபன் மீன்பையைக் கீழே வைத்தான். "நான் செத்துப்போயிருப்பன்ரா" என்றான். காற்று அடங்கியதும் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் கரைக்கு நடந்தான்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாக மீனைக் கொடுத்தார்கள். சங்கத்துக்காரர்கள் கைதட்ட, பனிவண்டி வெளியே வந்தது. இருக்கை இரண்டே பேருக்கு. நிரூபன் முன்னால் ஏறித் திரும்பிப் பார்த்தான். யாரைக் கூப்பிடுவது என்று தடுமாறினான்.

"சேந்தன் ஏறட்டும்" என்றான் கேதீசன்.

வண்டி உறுமிக்கொண்டு போனது. பின்னால் உட்கார்ந்தவனைப் பார்த்ததும் வயிறு எரியத்தான் செய்தது. கேதீசன் சறுக்குவண்டியின் கயிற்றைத் தோளில் போட்டு, "மெல்லமாப் போங்கோடா, பனி வழுக்கும்!" என்று கத்திக்கொண்டே அவர்களுக்குப் பின்னால் நடந்தான்.