விழாக் குழி

செவ்வாயில் குடியேறியவர்கள் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தங்கள் இரவு மூச்சைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருவார்கள். கட்டில் தலைமாட்டில் தொங்கும் ஈரப்பிடிப்பான், உறங்குகிறவரின் மூச்சிலுள்ள ஈரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து வைத்திருக்கும். அதைத் தெருமுனைப் பொதுத்தொட்டியில் சேர்க்க வேண்டும். பல் துலக்குவதைத் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போட முடியாது. தொட்டியின் நெற்றியில் ‘சிறு செயல், பெரு மாற்றம்’ என்று பூமியிலிருந்து அனுப்பிய வாசகம் ஒளிர்ந்துகொண்டே இருக்கும்.

பிலோமினா ஊற்றிவிட்டு வந்து, தன் வீட்டுப் பங்குத் தண்ணீரில் அரிசி களைவாள். அந்தக் கழுநீரையும் அவள் வீணாக்குவதில்லை. குவளையில் ஏந்திக்கொண்டு சதுக்கத்துக்கு நடப்பாள். அங்கே ஒரு புங்கன் நின்றது. குடியிருப்பை மூடியிருந்த கண்ணாடிக் கவிகைக்குள் மண் நிரப்பிய குழி அது ஒன்றுதான், மரமும் அது ஒன்றுதான்.

மரம் என்பது கொஞ்சம் அதிகப்படி. அவள் கணவன் ஆரோக்கியத்தின் தலைக்கு மேல் ஒரு சாண் உயரம், அவ்வளவே. ஆனால் சுரங்கத்தில் செம்புழுதி தின்ற நுரையீரலோடு, நாள் முழுக்க மூச்சுமூடியுடன் கிடக்கும் அந்த மனிதன், புங்கனடியில் மட்டும் மூடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பான். ஒரு மரத்தால் அப்படியெல்லாம் ஆகாது, மனப்பிரமை என்றார் மருத்துவர். பிரமையோ மரமோ, அங்கே உட்கார்ந்து வந்த நாட்களில் அவன் இருமாமல் தூங்கினான். பிலோமினாவுக்கு அது போதும்.

மரம் நடும் விழாவுக்கு முதல்நாள் காலை அவள் குவளையோடு போனபோது, வளவன் அங்கே நின்றுகொண்டிருந்தது. குடியிருப்பின் பராமரிப்பு இயந்திரன் அது. அதன் உலோகக் கை புங்கனின் அடித்தண்டைப் பிடித்திருந்தது.

“ஏய், என்ன செய்யுத நீ?”

“குழியைத் தயார் செய்கிறேன், அம்மா. நாளை அமைச்சர் கன்று நடுகிறார்.”

“அதான் மரம் நிக்குதே! அதுக்குத் தண்ணி ஊத்தச் சொல்லு அவரை.”

“மன்னிக்க வேண்டும். மரம் நின்றால் நட முடியாது. ஒவ்வொரு விழா முடிந்ததும் கன்றை அகற்றிவிடுவது என் வழக்கம். சென்ற விழாவன்று நான் பழுதாகிப் பட்டறையில் கிடந்தேன். அதனால் இது தங்கிவிட்டது. நீங்கள் ஆசையாகத் தண்ணீர் ஊற்றினீர்கள், அடுத்த விழாவரை இடைஞ்சல் இல்லை என்று விட்டுவைத்தேன்.”

பிலோமினாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கன்றுகள் இந்த மண்ணில் பிழைப்பதில்லை என்றே ஊரில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

“அகற்றணும்னு உனக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லவில்லை. பூமியின் விழாப் படங்களைக் கொடுத்து, ‘இப்படியே செய்’ என்றார்கள். பார்த்துக் கற்றுக்கொண்டேன்.”

வளவன் தன் மார்புத் திரையில் படங்களை ஓடவிட்டது. பள்ளிகள், அலுவலகங்கள், சாலையோரங்கள். ஒரே பள்ளியின் படங்களில் ஆண்டுதோறும் விருந்தினர் மாறினார், பதாகை மாறியது. சுவரோரத்துக் குழி மாறவில்லை. கன்றும் அதே முழங்கால் உயரம்.

“எந்தப் படத்திலும் முந்தைய ஆண்டின் மரம் இல்லை, அம்மா. இது ஒருநாள் சடங்கு, மறுநாள் துடைத்துவிட வேண்டும் என்று புரிந்துகொண்டேன். தவறா?”

அவள் குவளையைக் கீழே வைத்தாள். “நான் திரும்பி வர்ற வரைக்கும் தொடாத” என்று மட்டும் சொல்லிவிட்டு நிர்வாக அலுவலகத்துக்கு ஓடினாள்.

நிர்வாகி சற்குணம் கெட்ட மனிதரில்லை. உட்காரச் சொல்லி, முழுக்கக் கேட்டார்.

“இன்னொரு குழி தோண்டக் கூடாதா சார்?”

“தரையத் துளைக்கப் பூமியில அனுமதி வாங்கணும்மா.”

“அப்ப வேரோட எடுத்து எங்க வீட்டு வாளியில வச்சுக்கிடுதேன்.”

“மண்ணு பொதுச்சொத்து. ஒரு பிடிகூட வெளிய தர முடியாது.”

“அந்த இயந்திரத்துக்கிட்டயாவது சொல்லுங்க, அது கத்துக்கிட்டது தப்புன்னு!”

சற்குணம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “சொல்லலாம். ஆனா அந்தப் படமெல்லாம் வெறும் வேஷம்னு நான் ஆணையாப் பதியணும். அது பூமிக்குப் போகும். நாளைக்கு வர்ற அமைச்சர் அதுல எத்தனை படத்துல நிக்கிறார் தெரியுமா? நானே ரெண்டுல நிக்கிறேன்.” சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “எனக்கும் சங்கடமாத்தான் இருக்கும்மா. மன்னிச்சிரு.”

அவள் திரும்பியபோது, அவள் சொன்னபடியே வளவன் மரத்தைத் தொடாமல் காத்திருந்தது. அவள் வந்து நின்றதும், மெதுவாக, ஒரு கிளைகூட முறியாமல் புங்கனைப் பிடுங்கியது. ஆரோக்கியம் சற்றுத் தள்ளி நின்று பார்த்தான். பிறகு மூடியை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் விழா அமர்க்களப்பட்டது. விண்கலத்தில் அமைச்சருக்கு ஒரு தனியறை, கன்றுக்கு ஒரு தனியறை. ஊர் முழுவதும் கட்டாயம் வரவேண்டும் என்பதால் பிலோமினாவும் வந்து நின்றாள். ஆளுக்கொரு சிறு செயல் செய்தால் இந்தக் கோளையே பசுமையாக்கிவிடலாம் என்றார் அமைச்சர். கன்றைத் தொட்டார், நிமிர்ந்தார், படம் எடுத்தார்கள். கைதட்டல் கவிகையில் மோதி எதிரொலித்தது.

அடுத்த நாள் காலை அவள் அரிசி களைந்தாள். மனது கேட்கவில்லை. அந்தக் கன்று என்ன பாவம் செய்தது என்று கழுநீரை எடுத்துக்கொண்டு போனாள்.

குழி காலியாக இருந்தது. வளவன் மண்ணைத் தடவிச் சமன்செய்துகொண்டிருந்தது.

“இந்த முறை நான் தாமதிக்கவில்லை, அம்மா” என்றது அக்கறையோடு. “படமும் நன்றாக வந்திருக்கிறது. பாடத்தில் சேர்த்துவிட்டேன். பாருங்கள், நீங்களும் இருக்கிறீர்கள்.”

பார்த்தாள். அமைச்சரின் தோளுக்குப் பின்னால், முதல் வரிசையில், எல்லோரோடும் சேர்ந்து அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள். எப்போது தட்டினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

குவளையைப் பிடித்தபடி நின்றாள். அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.