சாட்சியின் காது

திரையில் தெரிந்த மனிதன் அழுதுகொண்டே வாயைத் திறந்தபோதுதான் றோஸிக்கு அது விளங்கியது. அன்றைக்குக் கடையில் கேட்ட குரல் இது இல்லை.

மேன்முறையீடு தள்ளுபடி என்று நீதிபதி ஏற்கெனவே வாசித்து முடித்திருந்தார். சிறையிலிருந்து காணொளியில் இணைக்கப்பட்டிருந்த கிறிஸ்ரி, இணைப்பை நிறுத்துவதற்குள் ஒரு தடவை கத்தினான். "ஐயா, நான் அந்தக் கடைப் பக்கமே போகேல்ல!" மெல்லிய, கீச்சென்ற குரல். திரை கறுத்துப்போயிற்று.

கொட்டாஞ்சேனையில் நகைக்கடை வைத்திருந்த அழகுமுத்து முதலாளியையும் அவர் மனைவியையும் சுட்டுப்போட்டு நகைகளை அள்ளிப்போன இருவரும் முகம் மூடிய ஹெல்மெட் போட்டிருந்தார்கள். கடையில் வேலைசெய்த றோஸி அப்போது பின்னறைக் கதவுக்குப் பின்னால் ஒடுங்கியிருந்தாள். அவள் எதையும் பார்க்கவில்லை. கேட்டாள். பேசியவன் ஒருவன்தான். அவசரமே இல்லாமல் அடித்தொண்டையில் உருண்ட குரல், தூங்குகிற பிள்ளையின் பக்கத்திலிருந்து கதைப்பதுபோல. அதற்குப் பிறகு வெடிச்சத்தம். பொலிஸில் கிறிஸ்ரியைக் கதைக்கவைத்தபோது அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கரகரத்து வந்த இரண்டு சொல்லைக் கேட்டு, "ஓம், இவன்தான்" என்றாள். வழக்கு விசாரணையில் அவன் வாயே திறக்கவில்லை. அவளுடைய காதை நம்பித்தான் அவனுக்கு மரணதண்டனை. இன்றைக்கும் அந்தக் காதுதான் வென்றது.

வெளி விறாந்தையில் கிறிஸ்ரியின் தங்கை டில்ஷானி குறுக்கே வந்து நின்றாள்.

"கேட்டனீங்கள்தானே அக்கா? அதுதான் அண்ணாட குரல். என்ட நம்பர் உங்களிட்ட இருக்கு. எத்தனை தரம் எடுத்தனான்!"

றோஸி தலையைக் குனிந்துகொண்டு கடந்தாள்.

வெள்ளவத்தைக்குப் போகும் காலி வீதி பஸ்ஸில் மழை யன்னலால் தெறித்தது. நனைந்த குடைகளின் புழுங்கல் நாற்றத்துக்குள் உட்கார்ந்திருந்தவளுக்கு அப்போதுதான் அது உறைத்தது. கிறிஸ்ரி இல்லையென்றால், அந்தக் குரல் ஒருநாளும் சிறைக்குள் இருந்ததில்லை. இத்தனை வருடமும் அது இந்த ஊரில்தான் நடமாடியிருக்கிறது. தேத்தண்ணிக் கடையில் சீனி கூடக் கேட்டிருக்கும். பூசைக்குப் போய் ஆமென் சொல்லியிருக்கும். அவளுக்குப் பின்சீற்றிலிருந்து மிச்சக் காசுகூடக் கேட்டிருக்கும். கொண்டக்டர் கத்தினான். அவனில்லை. யாரோ போனில் சிங்களத்தில் சிரித்தார். அவரில்லை. ஒவ்வொரு ஆண் வாயும் திறக்கும்போது அவளுக்கு மூச்சு நின்று, பிறகு வந்தது.

வெள்ளவத்தையில் கடற்பக்கத்து ஒழுங்கையில் அவர்களுடைய ஃபிளாட். கரண்ட் போயிருந்தது. லிப்ட் இல்லை. மூன்றாம் மாடிக்கு ஏறும்போது அவளுடைய செருப்புச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. இரண்டாம் மாடி தாண்டியபோது அது கொஞ்சம் பிந்தி வருவதுபோல இருந்தது. நின்றாள். அதுவும் நின்றது.

ஓடிப்போய் உள்ளே புகுந்து கொண்டியைப் போட்டாள்.

கணவன் மெல்ரோய் போன் எடுத்தான். "ட்ரெயின் தெஹிவளையில நிக்குது. லைன் முழுக்கத் தண்ணி. நீ சாப்பிடு."

"கெதியா வாங்கோ."

"என்ன, குரல் ஒரு மாதிரி?"

"ஒண்டுமில்ல. வாங்கோ."

மெழுகுதிரி ஏற்றினாள். யன்னலுக்கு அப்பால் கடல் இரைந்தது. கூரைக் குழாயில் மழைத்தண்ணீர் களகளத்தது. அவற்றுக்கு அடியில் இன்னொரு சத்தமும் இருந்தது. ஈரத்துணியை மெதுவாக இழுப்பதுபோல. அவள் மூச்சை அடக்கினால் அது அடங்கியது. விட்டால் தொடங்கியது. குசினியைப் பார்த்தாள். குளியலறையைப் பார்த்தாள். கட்டிலுக்குக் கீழேயும். ஒருவருமில்லை.

உண்மையைச் சொல்லிவிட்டால் இந்தச் சத்தம் நிற்கும் என்று தோன்றியது. எப்படியென்று தெரியவில்லை. டில்ஷானியின் இலக்கத்தை அழுத்தினாள்.

"தங்கச்சி, நான் றோஸி. நான் பிழையாச் சொல்லிப்போட்டன். அது உங்கட அண்ணா இல்ல."

மறுமுனையில் நெடுநேரம் அழுகை. பிறகு, "நாளைக்கு லோயரிட்ட வந்து இதைச் சொல்லுவீங்களா அக்கா? சத்தியமா?"

"சொல்லுவன். காலமையே வாறன்."

டில்ஷானி சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, பக்கத்தில ஆர்?"

"ஒருத்தருமில்ல. நான் தனிய."

"இல்ல அக்கா. ஆம்பிளைக் குரல். மெதுவாக் கதைக்குது. 'சொல்லமாட்டா' எண்டு சொல்லுது."

றோஸி காதைத் தீட்டினாள். மழை. கடல். அவ்வளவுதான். வேறொன்றுமில்லை.

"இப்பவும் கதைக்குது அக்கா. உங்களுக்குக் கேட்கேல்லையா?"

கேட்கவில்லை. எதுவும். மழைகூட இப்போது கேட்கவில்லை. கடலும் இல்லை. டில்ஷானியின் குரலும் நின்றுபோயிருந்தது, போன் திரையில் நொடிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. கத்தினாள். தன் கத்தலும் கேட்கவில்லை.

மெழுகுதிரி அசையாமல் எரிந்தது. எதிர்ச்சுவரில் அவளுடைய நிழல், போனைக் காதில் வைத்தபடி. அதன் மற்றக் காதருகே இன்னொரு நிழல் குனிந்து, அவசரமே இல்லாமல், வாயை அசைத்துக்கொண்டிருந்தது.